பயிற்சிக்குப் போகும் பிள்ளை



போலிடெக்னிக்கிலோ சமூகக் கல்லூரியிலோ தொழிற்கல்லூரியிலோ படிக்கும் பிள்ளை ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அம்மா, அடுத்த தவணை எங்களுக்கு வகுப்பு இல்லை. ஏதாவது ஒரு கம்பெனியில் போய் வேலை பழக வேண்டுமாம். இடத்தையும் நாங்களே தேட வேண்டுமாம்" என்று சொல்கிறது. அதைக் கேட்டதும் சில பெற்றோர்கள், "வேலை பழகுவதற்கா உன்னைக் கடன் வாங்கிக் கல்லூரிக்கு அனுப்பினோம்?" என்று கேட்கிறார்கள். வேறு சிலர், "வகுப்பு இல்லையென்றால் லீவுதானே, நல்லதாய்ப் போயிற்று" என்று நிம்மதி அடைகிறார்கள்.

இந்த இரண்டு எண்ணங்களுமே பிள்ளைக்குக் கெடுதல் செய்பவை. படிப்பு முடிந்தபின் பிள்ளைக்குக் கிடைக்கப்போகும் வேலை எப்படிப்பட்டது என்பதைப் பல சமயங்களில் இந்த ஒரு தவணைதான் முடிவு செய்கிறது. ஆகவே, தொழிற்பயிற்சிக்குப் போகும் பிள்ளையை எப்படித் தயார்ப்படுத்துவது, அதில் வீட்டில் இருக்கும் நாம் என்ன செய்ய முடியும் என்பது பற்றி இன்று சில செய்திகளை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில், இந்தப் பயிற்சி என்றால் என்ன? மலாயில் இதனை 'லாத்திஹான் இண்டஸ்திரி' என்கிறார்கள். நம் நாட்டின் முதல் போலிடெக்னிக், ஈப்போவிலுள்ள உங்கு ஒமார் போலிடெக்னிக், 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்று போலிடெக்னிக்கில் டிப்ளோமா படிக்கும் மாணவர்கள் ஒரு முழுத் தவணையை, அதாவது ஏறத்தாழ 20 வாரங்களை, ஏதாவதொரு தொழிலிடத்தில் கழிக்க வேண்டும். 2001ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் சமூகக் கல்லூரிகளிலும், 2012 முதல் உருவாக்கப்பட்ட தொழிற்கல்லூரிகளிலும் இத்தகைய பயிற்சி உண்டு. 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'சிஸ்தம் லாத்திஹான் டுவல் நேஷனல்' என்னும் இரட்டைப் பயிற்சித் திட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. அதில் பயிற்சிக் காலத்தின் 70 முதல் 80 விழுக்காடு தொழிலிடத்திலேயே கழிகிறது. மீதிதான் வகுப்பறை.

இந்தப் பயிற்சிக்கு மதிப்பெண் உண்டு. தொழிலிடத்தின் மேற்பார்வையாளரும் மதிப்பெண் போடுவார், கல்லூரி விரிவுரையாளரும் நேரில் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார். இதில் தேறாவிட்டால் டிப்ளோமா கைக்கு வராது. ஆகவே, இது லீவு அல்ல என்பதைப் பெற்றோர்கள் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். கையால் பழகும் கல்வி தோட்டத்து மக்களுக்குப் புதியதா என்ன? பால்மரம் வெட்டியவர்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் ஓட வேண்டும். பட்டையை மேலாக வெட்டினால் பால் குறையும். ஏனென்றால், பால் குழாய்கள் உள்பட்டையில்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆழமாக வெட்டினாலோ மரத்துக்குக் காயம் பட்டு, புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். பாலுக்கும் காயத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அந்த ஒரு மில்லிமீட்டரை எந்தப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியும்?

புதிதாக வெட்டப் போகிறவரை, யாரும் முதல் நாளே நல்ல மரத்தில் விடவில்லை. வெட்டி முடிந்து சாய்க்கப்போகும் பழைய மரத்தில் பழக்கினார்கள். பழகியவர் பக்கத்தில் நின்று, "உளியைச் சாய்க்காதே, மணிக்கட்டைத் தளர்த்து" என்று சொல்லிக் கொடுத்தார். கங்காணி வந்து பட்டையைப் பார்த்தார். கை பதமான பிறகுதான் தனி நிரை கொடுக்கப்பட்டது.

இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. ஒன்று, பழக்குவதற்குத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். இரண்டு, தவறினாலும் பெரிய நட்டம் வராத இடத்தில் முதலில் பழக விட்டார்கள். மூன்று, செய்த வேலையை ஒருவர் பார்த்து, சரி தவறு சொன்னார். பிள்ளைக்குப் பயிற்சி இடம் பார்க்கும்போது இந்த மூன்றையும்தான் நாம் கேட்க வேண்டும். தொழிலைச் சொல்லிக் கொடுக்க அங்கே ஆள் இருக்கிறாரா? கையால் செய்து பார்க்க விடுவார்களா? செய்ததைப் பார்த்துத் திருத்துவார்களா? மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால், கட்டடம் சிறியதாக இருந்தாலும் அது நல்ல இடம். மூன்றுக்கும் 'இல்லை' என்றால், குளிரூட்டிய பெரிய அலுவலகமாக இருந்தாலும் அங்கே 20 வாரம் வீண்.

நாங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோதும் இதே முறைதான். பாட போதனை முறையை விரிவுரையாளர் நன்றாகவே கற்பித்தார். ஆனால், காலையில் பசியோடு வந்து மேசைமேல் தலை சாய்க்கும் பிள்ளையை எப்படி எழுப்பிப் பாடத்துக்குக் கொண்டுவருவது என்பதை, பயிற்சிக்குப் போன பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியை செய்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. தொழில் எதுவானாலும், அதில் ஒரு பகுதி மனிதர்களிடமிருந்து மனிதர்களுக்கு நேரில்தான் கைமாறுகிறது.

அடுத்து, இடம் தேடுவது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் பின்தங்குவது இங்கேதான் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டணத்துப் பிள்ளைக்கு மாமாவோ சித்தப்பாவோ ஏதாவதொரு கம்பெனியில் இருப்பார். ஒரு தொலைபேசி அழைப்பில் இடம் கிடைத்துவிடும். நம் பிள்ளைக்கு அப்படி ஆள் இல்லை. "யாரைக் கேட்பது?" என்ற கூச்சத்திலேயே வாரங்கள் ஓடிவிடுகின்றன. கடைசியில் கல்லூரி கொடுத்த தேதி நெருங்கியதும், கிடைத்த இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மின்னியல் படித்த பையன் ஒரு கடையில் நகல் எடுக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு ஐந்து மாதம் கழித்ததை நான் அறிவேன். அவன் கெட்டிக்காரப் பையன். ஆனால், வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, "பயிற்சியில் என்ன செய்தாய்?" என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லாமல் போயிற்று.

ஆகவே, ஒரு தவணைக்கு முன்பே தேடத் தொடங்க வேண்டும். ஒரே இடத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. பத்து இடங்களுக்காவது விண்ணப்பிக்க வேண்டும். முன்னாள் மாணவர்கள் எங்கெங்கே பயிற்சி பெற்றார்கள் என்று கல்லூரியின் பயிற்சிப் பிரிவில் விசாரிக்கலாம். அந்த அண்ணன் அக்காமார்களைத் தேடிப் பிடித்து, "அங்கே உண்மையில் வேலை கற்றுக்கொடுத்தார்களா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தூரத்துப் பட்டணத்தில்தான் நல்ல இடம் இருக்கும் என்பதும் சரியல்ல. இயந்திரவியலோ மின்னியலோ படிக்கும் பிள்ளைக்கு, நம் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையே ஒரு பெரிய பள்ளிக்கூடம். லாரியில் வந்து இறங்கும் குலைகளை ஏறத்தாழ 3 பார் அழுத்தமுள்ள நீராவியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேக வைக்கிறார்கள். ஏன் தெரியுமா? பறித்த பழத்தில் உள்ள ஒருவகை நொதி, எண்ணெயைக் கெடுத்துப் புளிப்பாக்கிவிடும். நீராவியின் சூடு அந்த நொதியை அடக்குகிறது. பழமும் குலையிலிருந்து எளிதாக உதிர்கிறது. அதனால்தான் பறித்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்கள். உதிர்ந்த பழத்தை மசித்துப் பிழிந்தால் எண்ணெய். நூறு டன் குலையிலிருந்து ஏறத்தாழ 20 டன் எண்ணெய் கிடைக்கிறது.

பிழிந்தபின் மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் வீசிவிடுவதில்லை. அவைதான் கொதிகலனுக்கு விறகு. கொதிகலனின் நீராவி டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. டர்பைனிலிருந்து வெளியேறும் நீராவி, மறுபடியும் குலைகளை வேக வைக்கப் போகிறது. கொதிகலன், டர்பைன், பம்பு, பல்சக்கரம், மோட்டார், மின்பலகை, கழிவுநீர்க் குளம், எண்ணெயைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் அத்தனையும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. அப்பா அறுத்துப் போட்ட குலை உள்ளே போய் என்னவாகிறது என்பதைப் பிள்ளை அங்கே கண்ணால் பார்க்கலாம். கொதிகலனை இயக்குகிறவர் அரசாங்கத் தகுதிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். அப்படிச் சான்றிதழ் பெற்ற ஒருவரிடம் ஐந்து மாதம் பழகுவது சாதாரண வாய்ப்பா? அதோடு, வீட்டிலிருந்தே போய்வரலாம் என்றால் அறை வாடகையும் மிச்சம்.

கணக்கியல் படிக்கும் பெண்பிள்ளைக்கும் அப்படித்தான். பெயர் பெற்ற கம்பெனியாக இல்லாவிட்டாலும், விலைப்பட்டியல் எழுதுவது, கையிருப்பு எண்ணுவது, சம்பளக் கணக்கில் ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கணக்கிடுவது ஆகியவற்றைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லும் இடமே அவளுக்கு நல்ல இடம்.

இனி, விண்ணப்பிக்கும் முறை. கல்லூரியின் கடிதம், ஒரு பக்கத் தன்விவரம், தேர்வு முடிவின் நகல் ஆகிய மூன்றும் சேர்ந்து போக வேண்டும். தன்விவரத்தில் "கடினமாக உழைப்பேன்" என்று எழுதுவதில் பயனில்லை. எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். "பற்றவைப்புப் பழகியிருக்கிறேன், மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன், பள்ளி விடுமுறையில் மளிகைக் கடையில் கணக்குப் பார்த்திருக்கிறேன்" என்று, கை செய்ததை எழுத வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் இவற்றைப் பெருமையாக நினைப்பதில்லை. ஆனால், வேலை கொடுப்பவர் தேடுவது இதைத்தான்.

கடிதம் போட்ட ஒரு வாரத்தில் தொலைபேசியில் கேட்க வேண்டும். இந்த அழைப்புக்கு வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். "செலாமாட் பாகி, புவான். சாயா பெலாஜார் போலிடெக்னிக். சாயா செடாங் மென்சாரி தெம்பாட் லாத்திஹான் இண்டஸ்திரி" என்று தெளிவாக, நிதானமாகச் சொல்லப் பழக வேண்டும். 'காலை வணக்கம், நான் போலிடெக்னிக் மாணவன், பயிற்சிக்கு இடம் தேடுகிறேன்' என்று பொருள். அக்காவோ தம்பியோ மறுமுனையில் இருப்பவரைப்போல் நடித்து, இரண்டு கேள்வி கேட்கட்டும். என்ன படிக்கிறாய்? எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை? இவற்றுக்குத் தடுமாறாமல் மலாயிலும் ஆங்கிலத்திலும் பதில் சொல்லப் பழகிவிட்டால் பாதி அச்சம் தீர்ந்துவிடும். வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். பிள்ளை சத்தமாகப் பேசுவதைக் கேட்டு, "மெதுவாகப் பேசு, வாய்க்குள் முனகாதே" என்று சொல்ல ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இடம் கிடைத்த பிறகு, சில தொழில்களுக்கு முன்கூட்டியே தாள்கள் தேவைப்படும். கட்டுமானத் தளத்துக்குள் போக வேண்டுமானால், கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யின் பாதுகாப்பு அறிமுகப் பயிற்சிக்குப் போய், பதிவு அட்டை பெற வேண்டும். இதைத்தான் பச்சை அட்டை என்கிறார்கள். உணவகத்திலோ ஹோட்டல் சமையலறையிலோ பயிற்சி என்றால், 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி உணவு கையாள்வோருக்கான பயிற்சியும் டைஃபாய்டு தடுப்பூசியும் வேண்டும். அந்த ஊசியை மூன்றாண்டுக்கு ஒரு முறை போட்டுக்கொள்ள வேண்டும். பட்டறையில் பயிற்சி என்றால் பாதுகாப்புக் காலணி வேண்டும். கம்பெனி கொடுக்குமா, நாம் வாங்க வேண்டுமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். விபத்து நேர்ந்தால் பிள்ளைக்கு எந்தக் காப்புறுதி பொறுப்பேற்கும் என்பதைக் கல்லூரியில் கேட்டு, அந்தத் தாளின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். சில இடங்களில் பயிற்சி மாணவருக்குப் படிப்பணம் கொடுக்கிறார்கள். சில இடங்களில் ஒன்றும் கொடுப்பதில்லை. வெளியூரில் தங்க வேண்டுமென்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, அறை வாடகை 250 வெள்ளி, ஒரு நாள் சாப்பாட்டுக்கு 15 வெள்ளி வீதம் மாதத்துக்கு 450 வெள்ளி, பஸ்ஸுக்கும் மற்றச் செலவுக்கும் 100 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், மாதம் 800 வெள்ளி ஆகிறது. ஐந்து மாதத்துக்கு 4,000 வெள்ளி. அறைக்கு முன்பணம் வேறு. ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு மாறும். ஆனால், கணக்குப் போடாமல் புறப்பட்டுவிட்டு, இரண்டாம் மாதத்தில் கைக்காசு இல்லாமல் திரும்பி வருவதைவிட, ஓர் ஆண்டுக்கு முன்பே மாதம் கொஞ்சமாக ஒதுக்கி வைப்பது நல்லது. ஒரே ஊரில் பயிற்சி பெறும் மூன்று பிள்ளைகள் ஒரே வீட்டில் வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். "எங்கள் வீட்டில் இவ்வளவுதான் முடியும்" என்று பெற்றோர் பிள்ளையிடம் சொல்லிவிட்டால், பிள்ளையும் அதற்கேற்ற இடத்தைத் தேடும்.

இப்போது, பயிற்சி தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தம்பி தங்கையரே, இதனை உங்களுக்காகச் சொல்கிறேன். முதல் வாரத்தில் பெரிய வேலை எதையும் உங்களிடம் தரமாட்டார்கள். தரையைக் கூட்டச் சொல்லலாம், சாமான்களை அடுக்கச் சொல்லலாம். முகம் சுளிக்காதீர்கள். சாமான் அடுக்கும்போதே ஒவ்வொன்றின் பெயரையும் அளவையும் தெரிந்துகொண்டால், மறுவாரம் "அந்த ஸ்பேனரை எடு" என்று சொல்லும்போது உங்கள் கை தானாக அதன்மேல் போகும். வேலை நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். கைப்பேசியைப் பையில் வையுங்கள். பட்டறையில் படிப்பில்லாத மூத்தவர் ஒருவர் இருப்பார். நீங்கள் டிப்ளோமா படிக்கிறவர் என்ற எண்ணத்தோடு அவரிடம் நடந்துகொள்ளாதீர்கள். "பாக்சிக், ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று மரியாதையோடு கேளுங்கள். முப்பது ஆண்டு அனுபவத்தை அவர் உங்களுக்குச் சும்மா கொடுப்பார்.

நாள்தோறும் எழுத வேண்டிய வேலைக் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. 'புக்கு லோக்' என்பார்கள். பலர் அதை வாரக் கடைசியில் உட்கார்ந்து, "திங்கட்கிழமை பம்பு பழுது பார்த்தோம், செவ்வாய்க்கிழமையும் பழுது பார்த்தோம்" என்று நிரப்பிவிடுகிறார்கள். இப்படி எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. எப்படி எழுதலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன்.

"காலை 9 மணிக்கு இரண்டாம் எண் தண்ணீர்ப் பம்பில் சத்தம் வந்தது. மின்சாரத்தை நிறுத்தி, விசைக்குப் பூட்டுப் போட்டு, அட்டை மாட்டிய பிறகு கழற்றினோம். பேரிங் தேய்ந்திருந்தது. அதன் எண் 6205. தண்டு நேராக இருக்கிறதா என்று நான் அளந்து பார்த்தேன். புதியதை ஃபோர்மன் பூட்டினார். போல்ட்டுகளை நான் இறுக்கினேன். பிற்பகல் 2 மணிக்குப் பம்பு ஓடியது. பேரிங் மூன்று மாதத்திலேயே ஏன் தேய்ந்தது என்று நாளை கேட்க வேண்டும்."

பாருங்கள், என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதில் என் கை செய்தது என்ன, இன்னும் எனக்குத் தெரியாதது என்ன, இந்த நான்கும் இதில் இருக்கின்றன. இப்படி 20 வாரம் எழுதிய பிள்ளைக்கு இறுதி அறிக்கை எழுதுவது சுலபம். நேர்முகத் தேர்வில் வாயடைத்து நிற்கவும் வேண்டியதில்லை. இன்றைய பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்துச் சேர்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால், கம்பெனியின் இயந்திரத்தையும் தாள்களையும் அனுமதி கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

நேயர்களே, எல்லா இடமும் நல்ல இடமாக அமைந்துவிடாது. அப்போது என்ன செய்வது? நாள் முழுவதும் தேநீர் வாங்கிவரச் சொல்கிறார்கள், தொழிலைக் கற்றுத்தரவில்லை என்றால், முதலில் மேற்பார்வையாளரிடமே, "எனக்கு இந்த வேலையையும் பழகிப் பார்க்க வாய்ப்புக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். இரண்டு மூன்று வாரமாகியும் மாற்றம் இல்லையென்றால், கல்லூரி விரிவுரையாளரிடம் சொல்ல வேண்டும். அவர் பார்வையிட வரும் நாள்வரை வாய்மூடிக் காத்திருக்கக் கூடாது.

பாதுகாப்பு விஷயத்தில் சிறிதும் தயங்கக் கூடாது. 1991ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி, சுங்கை பூலோவில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து, இருபதுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதனை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப்பின், 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அச்சட்டம் 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் நாளிலிருந்து நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாகத் தெரிவித்தும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமையைத் திருத்தப்பட்ட சட்டம் தொழிலாளிக்குக் கொடுத்திருக்கிறது. பயிற்சிக்குப் போகும் பிள்ளை இதனை அறிந்திருக்க வேண்டும். மின்சாரம் ஓடும் கம்பியைத் தொடச் சொன்னாலோ, காப்புத் தகடு கழன்ற இயந்திரத்தில் கை வைக்கச் சொன்னாலோ, "எனக்கு இதில் பழக்கமில்லை, நீங்கள் செய்வதைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று பணிவாகச் சொல்லலாம். அது கோழைத்தனம் ஆகாது.

பெண்பிள்ளைகளின் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வேலையிடத்தில் யாராவது தகாத முறையில் பேசினாலோ நடந்துகொண்டாலோ, தேதி, நேரம், நடந்தது ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு, உடனே கல்லூரியில் தெரிவிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், இத்தகைய புகார்களை விசாரிக்கத் தனி நடுவர் மன்றம் இருக்கிறது. மகள் அப்படி ஒன்றைச் சொல்ல வரும்போது, "நீ என்ன செய்தாய்?" என்று முதலில் அவளையே கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டுவிட்டால், அடுத்த முறை அவள் உங்களிடம் சொல்லவே மாட்டாள்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது இன்னும் சில உண்டு. பயிற்சிக் காலத்தில் தோட்டத்துக் கோயில் திருவிழாவும் வரும், உறவினர் வீட்டுக் கல்யாணமும் வரும். "ஒரு வாரம் வந்துவிட்டுப் போ" என்று பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். வர வேண்டிய அவசியம் இருந்தால், முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற்று வரட்டும். சொல்லாமல் வந்த மூன்று நாள், ஐந்து மாத நல்ல பெயரைக் கெடுத்துவிடும்.

பயிற்சிக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே பிள்ளையின் கையைப் பழக்குவது அதைவிட முக்கியம். படிக்கிற பிள்ளை என்று ஒரு வேலையும் கொடுக்காமல் வளர்ப்பது அன்பினால்தான். ஆனால், தண்ணீர்க் குழாய் ஒழுகினால், அப்பா அதைச் சரிசெய்யும்போது மகனும் மகளும் பக்கத்தில் இருந்து ஸ்பேனரைப் பிடிக்கட்டும். மோட்டார் சைக்கிளின் சங்கிலியை இறுக்கும்போது, எவ்வளவு தளர்வு வேண்டும் என்று கேட்கட்டும். வீட்டுச் செலவுக் கணக்கை ஒரு மாதம் மகள் எழுதட்டும். இவற்றுக்குப் பணம் செலவில்லை. ஆரம்பப் பள்ளியில் இருபது ஆண்டுக்கும் மேலாகப் பிள்ளைகளைப் பார்த்து வருகிற எனக்கு, வீட்டில் கைவேலை பழகிய பிள்ளை எது என்பது, அது கத்தரிக்கோலைப் பிடிக்கும் விதத்திலேயே தெரிந்துவிடுகிறது.

மாலையில் பிள்ளை வீட்டுக்கு வந்தாலோ தொலைபேசியில் பேசினாலோ, "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், "இன்றைக்கு என்ன வேலை பழகினாய்? எனக்கும் சொல்" என்று கேளுங்கள். நமக்கு அது முழுதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. பிறருக்குச் சொல்லிப் பார்க்கும்போதுதான் பிள்ளைக்கே அது தெளிவாகும். பயிற்சி முடியும் நாளில் மேற்பார்வையாளரிடம் ஒரு நற்சான்றுக் கடிதம் கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள். நன்றாக வேலை செய்த பிள்ளையை, "படிப்பு முடிந்ததும் இங்கேயே வா" என்று கூப்பிட்ட கம்பெனிகளும் உண்டு.

கடைசியாக, தோட்டத்துப் பட்டறையிலும் ஆலையிலும் பல்லாண்டு உழைத்த அப்பாமார்களுக்கும் ஒரு செய்தி. 2006ஆம் ஆண்டின் தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் தொழில்திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., வழங்கப்படுகிறது. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையின் அனுபவத்தைச் சான்றுகளோடு காட்டியும் அதனைப் பெறும் வழி உண்டு. அதற்கு 'பெங்கிக்திராஃபான் பென்சாப்பாயான் தெர்டாஹுலு' என்று பெயர். கையால் கற்றதும் கல்விதான் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எந்தத் தவணையில் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பதை இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தேதியை நாள்காட்டியில் குறியுங்கள். அதற்கு ஆறு மாதம் முன்பாக இன்னொரு குறி போட்டு, அன்று இடம் தேடும் வேலையைத் தொடங்குங்கள். நமக்குக் கம்பெனியில் மாமன் மச்சான் இல்லாமல் இருக்கலாம். முன்கூட்டியே தொடங்கும் பழக்கமும், கூச்சப்படாமல் கேட்கும் தைரியமும், வேலைக்கு அஞ்சாத கையும் இருந்தால், தோட்டத்துப் பிள்ளைக்கும் நல்ல இடம் கிடைக்கும்.